கஸ்ர் சிறையின் கதவைத் திறந்தது யார்?

1979 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. புரட்சி நடந்துகொண்டிருந்த ஈரானின் தலைநகர் தெஹ்ரானில் இரண்டு நாளாகத் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. ராணுவக் கிடங்குகளில் எடுத்த துப்பாக்கிகளோடு இளைஞர்கள் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெருங்கூட்டம் கஸ்ர் சிறைக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கான கைதிகள் வெளியே கொட்டினார்கள். அந்த வெள்ளத்தோடு இரண்டு அமெரிக்கர்களும் வந்தார்கள். பால் சியாப்பரோன், பில் கேலார்ட். இருவரும் கம்ப்யூட்டர் கம்பெனி நிர்வாகிகள். கைதாகி அன்றோடு 45 நாள்.

இந்த 45 நாளையும் அதற்குப் பிந்தைய ஒரு வாரத்தையும் வைத்து கென் ஃபோலட் 1983-ல் 'ஆன் விங்ஸ் ஆஃப் ஈகிள்ஸ்' என்ற நூலை எழுதினார். அது நாவல் கிடையாது, உண்மைச் சம்பவம். எதையும் கற்பனையாகச் சேர்க்கவில்லை என்று முன்னுரையிலேயே உறுதி கொடுக்கிறார். ஆனாலும் விறுவிறுப்பு நாவலின் எல்லா நரம்புகளும் அதில் ஓடுகின்றன. கல்லூரி நாளில் பழைய புத்தகக் கடையில் வாங்கி ஒரே மூச்சில் படித்தேன். அதற்கப்புறம் பல வருடம் மென்பொருள் சேவைத் துறையில் வேலை பார்த்துவிட்டு இப்போது மறுபடி படித்தபோது வேறொரு கதை கண்ணில் பட்டது. அதே பக்கங்கள்தான், அதே சம்பவங்கள்தான். ஆனால் அந்தப் பக்கங்களில் உள்ள சான்றும், அவற்றைக் கொண்டு நூல் கட்டும் முடிவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எங்கே ஒட்டவில்லை என்பதைச் சம்பவத்தின் வரிசையிலேயே பார்க்கலாம்.

கட்டாத பில்

எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இந்த விவகாரத்தின் தொடக்கம் ரொம்பப் பழக்கமானது. க்ளையன்ட் பணம் தரவில்லை.

எலெக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ், சுருக்கமாக ஈ.டி.எஸ்., டாலஸ் நகரத்துக் கம்பெனி. ராஸ் பெரோ 1962-ல் ஆயிரம் டாலர் முதலில் தொடங்கியது. ஈரான் அரசின் சுகாதார, சமூகநல அமைச்சகத்தோடு 1976-ல் அவர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். நாட்டு மக்களின் சமூகப் பாதுகாப்புக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நடத்தித் தரவேண்டும், ஈரானியர்களுக்கும் அந்த வேலையைக் கற்றுத் தரவேண்டும். 1978-ல் பல மாதங்களாகப் பில் பணம் வரவில்லை. டிசம்பரில் கம்பெனி வேலையை நிறுத்தியது.

பணம் ஏன் வரவில்லை? அந்த வருடம் ஈரானில் எதுவுமே நடந்தபடி நடக்கவில்லை. செப்டம்பர் 8 அன்று ஜாலே சதுக்கத்தில் கூட்டத்தின் மீது ராணுவம் சுட்டது. அக்டோபரிலிருந்து எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எண்ணெய் நின்றால் கருவூலம் நிற்கும். டிசம்பர் 10, 11 தேதிகளில், முஹர்ரம் ஒன்பதாம் பத்தாம் நாட்களில், லட்சக்கணக்கானவர்கள் தெருவில் நடந்தார்கள். கர்பலாவில் இமாம் ஹுசைனின் ரத்தத்தைச் சிந்த வைத்த யசீதின் பெயரை ஈரான் மன்னர் ஷாவுக்குச் சூட்டிக் கோஷமிட்டார்கள்.

அந்தக் கோபத்தைத் தணிக்க ஷாவின் அரசே தன் ஆட்களைப் பிடித்து உள்ளே போட ஆரம்பித்திருந்தது. ஏறத்தாழ பதின்மூன்று வருடம் பிரதமராக இருந்த அமீர் அப்பாஸ் ஹொவெய்தாவையே நவம்பரில் கைது செய்தார்கள். ஊழல் விசாரணைகள் தொடங்கின. ஈ.டி.எஸ்.ஸோடு ஒப்பந்தம் போட்ட காலத்துச் சுகாதார அமைச்சரும் சிக்கினார். அமைச்சரை விசாரித்தால் ஒப்பந்தத்தை விசாரிக்க வேண்டும், ஒப்பந்தத்தை விசாரித்தால் ஒப்பந்தக்காரரை விசாரிக்க வேண்டும். இப்படித்தான் விசாரணை நீதிபதி தத்கர் டிசம்பர் 28 அன்று சியாப்பரோனையும் கேலார்டையும் கூப்பிட்டார். கேள்வி கேட்டு முடித்ததும் இருவரையும் சிறைக்கு அனுப்பினார். ஜாமீன் தொகை ஈரானியப் பணத்தில் ஒன்பது கோடி தொமான், அதாவது ஒரு கோடியே 27 லட்சத்து 50 ஆயிரம் டாலர்.

ஊழல் புகாருக்கு ஆதாரம் இருந்ததா? பிறகு டாலஸ் நீதிமன்றத்தில் கம்பெனி தொடுத்த வழக்கில் நீதிபதி அந்த வாதத்தை ஏற்கவில்லை. நிலுவைத் தொகையைக் கம்பெனிக்குத் தரவேண்டும் என்றுதான் தீர்ப்பானது. அந்த இருவரும் அநியாயமாக அடைபட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெண்டாட்டி பிள்ளைகள் ஒரு கண்டத்தில், இவர்கள் மொழி தெரியாத சிறையில். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

ஆனால் தத்கரை நாம் அமெரிக்கர்களின் கண் வழியாக மட்டுமே பார்க்கிறோம். எப்போது பார்த்தாலும் இறுகிய முகம், அசையாத மனிதர். கைது நடந்தபோது அவருக்கு மேலே இருந்தது ஷாவின் ராணுவ அரசு. ஜனவரியில் ஷாபூர் பக்தியார் பிரதமர் ஆனார். பிப்ரவரி முதல் வாரத்தில் புரட்சியின் தலைவர் கொமெய்னி, மெஹ்தி பஸார்கான் என்பவரைத் தன் பிரதமராக அறிவித்தார். 45 நாளில் மூன்று பிரதமர்கள். எந்த எஜமானருக்குப் பதில் சொல்லவேண்டும் என்றே தெரியாத ஒரு நீதிபதி, பெரிய வெளிநாட்டுக் கம்பெனி ஆட்களை விட்டுவிட்டால் தன் கதி என்ன ஆகும் என்று யோசித்திருக்க மாட்டாரா? அந்தக் கேள்வியை நூல் கேட்டிருந்தால் அவர் மனிதராகியிருப்பார், கதையும் இன்னும் பயங்கரமாகியிருக்கும்.

நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி துப்பாக்கி ஏதும் வராத பகுதி. ஜாமீன் தொகையை எப்படிக் கட்டுவது என்று வங்கிகளுக்கும் வக்கீல்களுக்கும் நடுவில் அலைகிறார்கள். வங்கிகள் வேலைநிறுத்தத்தில். திறந்திருக்கும் வங்கியை நம்பிப் பணத்தைக் கொடுத்தால், அது நாளை இருக்கப்போகிற அரசுக்குப் போய்ச் சேருமா? கட்டிய பிறகு நாட்டை விட்டுப் போக விடுவார்களா? ஒரு நாட்டின் நிர்வாகம் கையெழுத்து கையெழுத்தாக உதிர்வதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் பக்கங்கள் விறுவிறுப்பு நூல்களில் அரிது. வேகம் குறைகிறது என்று இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. நானும் கல்லூரியில் தாண்டித்தான் போனேன்.

இரண்டு முறை காலியான சிறை

பெரோ பேச்சுவார்த்தையோடு நிற்கவில்லை. ஆர்தர் சைமன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கர்னலைக் கூப்பிட்டார். ராணுவத்தில் அவருக்கு 'புல்' என்று பட்டப்பெயர், காளை. அந்தக் காளையின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த விவகாரத்தின் சாவி அங்கேதான் கிடக்கிறது.

1970 நவம்பர் 21 நள்ளிரவு தாண்டியதும் சைமன்ஸ் 56 வீரர்களோடு வடவியட்நாமின் சோன் தாய் சிறைமுகாமில் ஹெலிகாப்டரில் இறங்கினார். ஹனோயிலிருந்து சுமார் 37 கிலோமீட்டர். அமெரிக்கப் போர்க்கைதிகளை மீட்பது நோக்கம். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஒரு ஹெலிகாப்டரை முகாமின் முற்றத்துக்குள்ளேயே மோதி இறக்கினார்கள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. அவர்கள் தரப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் அறைகளில் கைதிகள் இல்லை. ஜூலை மாதமே அவர்களை வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள்.

எட்டு வருடம் கழித்து அதே மனிதர் டாலஸில் இன்னொரு சிறை உடைப்புக்குத் திட்டம் போட்டார். இந்த முறை வீரர்களுக்குப் பதில் கம்பெனி ஊழியர்கள். பலர் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள், இப்போது டை கட்டி ஆபீஸ் போகிறவர்கள். சம்பளத்துக்கு மேல் ஒரு காசு வாங்காமல் உயிரைப் பணயம் வைக்கத் தானாக முன்வந்தார்கள். அந்த மனத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். சியாப்பரோனும் கேலார்டும் முதலில் அடைபட்டிருந்த நீதித்துறை அமைச்சகச் சிறையின் அமைப்பை நினைவிலிருந்து வரைந்து, ஏரிக்கரை வீடு ஒன்றில் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார்கள். யார் வேலி தாண்டுவது, யார் வண்டியைக் கொண்டுவருவது, எத்தனை வினாடி என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்தார்கள்.

ஷா ஜனவரி 16 அன்று நாட்டை விட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து, ஜனவரி 18 அன்று, கைதிகள் இருவரையும் கஸ்ர் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். ஒத்திகை பார்த்த சிறை காலி. சைமன்ஸின் வாழ்க்கையில் இது இரண்டாம் முறை.

கஸ்ர் என்றால் அரபு மொழியில் அரண்மனை. கஜார் மன்னர்களின் அரண்மனைத் தோட்டம் இருந்த இடத்தில் நிகோலாய் மார்கோவ் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்து, 1929-ல் ரெஜா ஷா காலத்தில் திறந்த சிறை அது. 1937-ல் கைதான '53 பேர்' என்று ஈரானிய வரலாற்றில் பேசப்படும் இடதுசாரிகளை அங்கே அடைத்தார்கள். அவர் மகனான இந்த ஷாவின் காலத்திலும் அரசியல் கைதிகள் தலைமுறை தலைமுறையாக அங்கே கிடந்தார்கள். உயர்ந்த மதில், ஏக்கர் கணக்கில் வளாகம். பத்துப்பேர் கைத்துப்பாக்கியோடு போய் உடைக்கக்கூடிய இடமே இல்லை. சைமன்ஸ் இதைப் பார்த்த உடனே புரிந்துகொண்டார். முதல் திட்டத்தைத் தூக்கி எறிந்தார்.

அப்புறம் அவர் சொன்னதாக நூல் தருவதுதான் முக்கியம். புரட்சிகளில் கூட்டம் சிறைகளை உடைக்கும், அந்த நாளுக்காகக் காத்திருப்போம் என்று அவர் கணித்தார். பிரெஞ்சுப் புரட்சியில் மக்கள் உடைத்த பாஸ்டில் சிறையின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கணிப்பு பலித்தது. அந்த மனிதரின் அனுபவத்துக்கு அது பெருமை. ஆனால் மழை வரும் என்று சரியாகச் சொன்னவருக்கு மழையைப் பெய்வித்த பேரைக் கொடுக்க முடியாது. நூல் முழுக்க அந்தப் பேர் அவருக்கும் பெரோவுக்கும்தான் போகிறது.

பிப்ரவரி 9 முதல் 11 வரை

மழையைப் பெய்வித்தது யார் என்று பார்ப்போம்.

பிப்ரவரி 1 அன்று கொமெய்னி பாரிஸிலிருந்து தெஹ்ரான் வந்து இறங்கினார். பிப்ரவரி 9 இரவு தோஷான் தப்பே விமானப்படைத் தளத்தில் ஹோமாஃபர்கள், அதாவது விமானப்படையின் தொழில்நுட்ப ஊழியர்கள், கொமெய்னிக்கு ஆதரவாக நின்றார்கள். ஷாவின் காவற்படை அவர்களைத் தாக்கியது. சண்டைச் செய்தி பரவியதும் அக்கம்பக்கத்து மக்கள் தளத்துக்கு ஓடிவந்தார்கள். ஹோமாஃபர்கள் ஆயுதக் கிடங்கைத் திறந்து துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். 10-ஆம் தேதி அரசு ஊரடங்கை நீட்டித்தது. அதை மதிக்க வேண்டாம் என்று கொமெய்னி சொன்னார். மக்கள் தெருவிலேயே நின்றார்கள், மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். 11-ஆம் தேதி காலைக்குள் காவல் நிலையங்கள், கிடங்குகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. அன்று ராணுவத் தளபதிகள் கூடி, தாங்கள் நடுநிலை என்று அறிவித்தார்கள். பக்தியார் அரசு முடிந்தது. அன்று உடைந்தது கஸ்ர் மட்டும் இல்லை, மற்ற சிறைகளும் உடைந்தன.

இதற்கு நடுவில் நூல் ஒரு பெரிய உரிமையைக் கோருகிறது. கம்பெனியில் பயிற்சி பெற்றுவந்த ஓர் ஈரானிய இளைஞர், நூலில் அவருக்குப் பெயர் ரஷீத், கிடங்கிலிருந்து துப்பாக்கிகளை விநியோகிக்க உதவி, கூட்டத்தை உசுப்பிவிட்டு, கஸ்ர் சிறையை நோக்கித் திருப்பினார் என்று எழுதுகிறது. ஈரானில் இருந்த சில அமெரிக்க அதிகாரிகளும், பிறகு இதைத் தோண்டிய செய்தியாளர்களும் அதை ஏற்கவில்லை.

என் தீர்ப்பு இது. ரஷீத் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம், கத்தியிருக்கலாம், முன்னால் ஓடியிருக்கலாம். ஆயிரக்கணக்கானோர் ஓடிய இடத்தில் ஒருவர் அவர். ஆனால் அந்தச் சிறைக்குள் தெஹ்ரான் குடும்பங்களின் அண்ணன் தம்பிகள், அப்பாக்கள் இருந்தார்கள். ஐம்பது வருடமாக அந்த மதிலைப் பார்த்துப் பார்த்து வெதும்பிய நகரம் அது. கையில் துப்பாக்கி வந்த அன்று அந்த நகரத்துக்குக் கஸ்ர் போக வழி சொல்ல ஆள் தேவையா? அப்படி ஒருவர் தேவைப்பட்டார் என்று நினைப்பதில்தான் இந்த நூலின் ஆழமான பிழை இருக்கிறது. சொந்தச் சகோதரனை விடுவிக்க வந்தவர்களை, டாலஸ் முதலாளியின் திட்டத்துக்கு வேலை செய்தவர்களாக அது மாற்றிவிடுகிறது.

வெளியே வந்த இருவரும் ஹயாத் ஓட்டலைப் போய்ச் சேர்ந்தார்கள். மீட்புக் குழு அவர்களைச் சந்தித்தது அதற்குப் பிறகுதான். கதவு திறந்த நிமிடத்தில் குழுவின் அமெரிக்கர் ஒருவர்கூட அந்த மதிலுக்குப் பக்கத்தில் இவர்களைக் கைபிடித்து இழுக்க நிற்கவில்லை. இதை நூல் மறைக்கவில்லை, நேர்மையாகவே சொல்கிறது. ஆனால் சொல்லிவிட்டு அதன் பொருளை யோசிக்காமல் நகர்ந்துவிடுகிறது.

ரப்பர் ஸ்டாம்ப்

வெளியே வந்ததோடு ஆபத்து தீரவில்லை. இருவரும் தேடப்படும் ஆட்கள், பாஸ்போர்ட் கையில் இல்லை, விமான நிலையம் மூடிக் கிடந்தது. சைமன்ஸ் ஆட்களை இரண்டாகப் பிரித்தார். தேடப்படாதவர்கள் விமானம் கிளம்பும்வரை தெஹ்ரானில் காத்திருப்பது. மற்றவர்கள் இரண்டு ரேஞ்ச் ரோவர் வண்டிகளில் வடமேற்கே, துருக்கி எல்லை வரைக்கும் தரைவழியாகப் போவது. பிப்ரவரி 13 அன்று கிளம்பினார்கள். மறுநாள் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தையே ஆயுதக்குழு தாக்கிப் பிடித்தது. சில மணி நேரத்தில் விடுவித்தார்கள் என்றாலும், அமெரிக்க முகம் அன்று எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அது போதும்.

வழியெல்லாம் தடுப்புகள். ஒவ்வொரு ஊரிலும் புதிதாக முளைத்த புரட்சிக் கமிட்டிக்காரர்கள் மரக்கட்டையையோ பழைய வண்டியையோ குறுக்கே போட்டு நிற்கிறார்கள். நேற்றுவரை கடை வைத்திருந்தவர், பள்ளி வாத்தியார், பதினாறு வயதுப் பையன். எல்லோர் கையிலும் துப்பாக்கி. ஒவ்வொரு தடுப்பிலும் வண்டியை விட்டு இறங்கிப் பேசியது ரஷீத். இவர்கள் வியாபாரிகள், விமான நிலையம் மூடியிருக்கிறது, வீட்டுக்குப் போகவேண்டும், குடும்பம் காத்திருக்கிறது என்று சொல்லுவார். டீ கொடுத்தால் குடிப்பார். முல்லா இருந்தால் அடக்கமாக நிற்பார், கோபக்காரர் இருந்தால் அவருக்கு மேல் கோபப்படுவார்.

குர்துப் பகுதியில் மஹாபாத் ஊர் வழியாக ரெஜாயே வந்து சேர்ந்தார்கள். ரெஜா ஷாவின் பெயரைச் சுமந்த ஊர், புரட்சிக்குப் பின் உர்மியா என்ற பழைய பெயருக்குத் திரும்பிவிட்டது. அங்கே சந்தேகப்பட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் காவலில் வைத்துவிட்டார்கள். இந்த இடத்தில் நூல் தரும் ஒரு சின்னக் காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. ரஷீதின் கையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கிடைக்கிறது. நூலகப் புத்தகங்களில் குத்துவதற்கு வைத்திருந்தது. அவர் ஒரு தாளை எடுத்து, இந்த அமெரிக்கர்களை எல்லைவரை தடையில்லாமல் போக விடுங்கள் என்று கமிட்டி உத்தரவு மாதிரி எழுதி, அடியில் அந்த ஸ்டாம்பைக் குத்துகிறார்.

அந்தக் காகிதம் வேலை செய்தது. ஏன் வேலை செய்தது என்று யோசித்தால் புரட்சியின் அந்த வாரமே கண்ணுக்கு முன்னால் வருகிறது. பழைய அரசின் முத்திரைகள் செல்லாது, புதிய அரசின் முத்திரைகள் இன்னும் செய்யப்படவில்லை. வட்ட மை, அதற்குள் மார்க்கக் கல்வி என்று எழுத்து. தடுப்பில் நிற்பவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமில்லை. எந்த வார்த்தை அன்று கனமானது, எந்த மை அன்று செல்லும் என்று தெரிந்த உள்ளூர்க்காரரால் மட்டுமே அதைச் செய்ய முடியும். டாலஸ் ஒத்திகையில் இதற்கு இடமே கிடையாது. பிப்ரவரி 15 இரவு அவர்கள் செரோ எல்லையைத் தாண்டித் துருக்கிக்குள் போனார்கள். பெரோ இஸ்தான்புல்லில் காத்திருந்தார். 18-ஆம் தேதி எல்லோரும் டாலஸில்.

யாருடைய சிறகு

நூல் வந்த வருடத்தை மறந்துவிட்டு அதை எடைபோட முடியாது. இவர்கள் தப்பிய ஒன்பதாவது மாதம் தெஹ்ரான் தூதரகத்தை மாணவர்கள் பிடித்தார்கள். 52 பேர் 444 நாள் பணயக்கைதிகளாக இருந்தார்கள். 1980 ஏப்ரலில் அவர்களை மீட்கப் போன அமெரிக்க ராணுவத்தின் நடவடிக்கை தபஸ் பாலைவனத்திலேயே நொறுங்கியது. எட்டு வீரர்கள் இறந்தார்கள். அந்த நடவடிக்கையின் பெயரிலும் கழுகு உண்டு, கழுகின் நகம். அவமானத்தில் குமைந்திருந்த ஒரு நாட்டுக்கு, ஈரானிலிருந்து நம் ஆட்களை நாமே மீட்டோம் என்ற கதை மருந்தாக இருந்தது. 1986-ல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. பர்ட் லங்காஸ்டர் சைமன்ஸாக நடித்தார், ரிச்சர்ட் கிரென்னா பெரோவாக. ரஷீதாக நடித்தவர் நியூயார்க்கில் பிறந்த போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி நடிகர் எசாய் மொராலெஸ். 1992-ல் பெரோ அமெரிக்க அதிபர் தேர்தலில் சுயேச்சையாக நின்று ஏறத்தாழ 19 சதவீத வாக்கு வாங்கியபோது, அவரைப் பற்றி நாட்டுக்குத் தெரிந்த கதைகளில் இது முன்னால் நின்றது.

தலைப்பு விவிலியத்திலிருந்து எடுத்தது. யாத்திராகமம் 19-ஆம் அதிகாரம். தமிழ் வேதாகமத்தில் அந்த வசனம், 'நான் உங்களைக் கழுகுகளுடைய செட்டைகளின்மேல் சுமந்து' என்று வரும். பார்வோனின் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்த ஒரு முழு ஜனத்தைப் பார்த்துக் கடவுள் சொல்வது. அதை எடுத்து ஒரு கம்பெனியின் இரண்டு ஊழியர்களுக்குச் சூட்டுகிறது நூல். அந்த இருவரின் துயரத்துக்கு அது பொருந்தாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே நாளில், அதே கதவு வழியாக வந்த ஆயிரக்கணக்கானவர்களும் தங்கள் பார்வோனிடமிருந்து வெளியே வருவதாகத்தான் நம்பினார்கள். அவர்களில் ஒருவருக்காவது நூல் பெயர் கேட்டிருக்கலாம். எத்தனை வருடம் உள்ளே இருந்தாய், எதற்காக உள்ளே போட்டார்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கம் இல்லாததால் தெஹ்ரான் மக்கள் கடல் மாதிரி, புயல் மாதிரி வந்து போகிறார்கள்.

கோபத்தின் வேர் தெரியாததும் ஒரு குறை. 1964-ல் ஈரான் நாடாளுமன்றம் அமெரிக்க ராணுவத்தினரையும் அவர்கள் குடும்பத்தையும் ஈரானிய நீதிமன்றங்களின் அதிகாரத்துக்கு வெளியே வைத்து ஒரு சட்டம் செய்தது. அதை எதிர்த்துக் கொமெய்னி கும் நகரில் பேசினார். அமெரிக்கர் வீட்டுச் சமையல்காரன் நம் மார்க்கத் தலைவரைக் கார் ஏற்றிக் கொன்றாலும் நாம் கேட்க முடியாது, ஆனால் அமெரிக்கரின் நாயை ஈரானியன் கார் ஏற்றினால் வழக்கு வரும் என்ற பொருளில் அவர் பேசியது நாடெங்கும் பரவியது. அந்தப் பேச்சுக்காகத்தான் அவரை நாடு கடத்தினார்கள். ஈ.டி.எஸ். ஊழியர்கள் ராணுவத்தினர் இல்லை, அந்தச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. இருந்தாலும் 1978 டிசம்பரில் ஓர் ஈரானிய நீதிபதி இரண்டு அமெரிக்கர்களை உள்ளே போட்டார் என்ற செய்தி தெஹ்ரான் தெருவில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை இந்தப் பதினான்கு வருடக் கணக்கு இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது. வாசகருக்கு அதைச் சொல்லியிருந்தால் சியாப்பரோன், கேலார்ட் மீதான இரக்கம் ஒரு துளியும் குறைந்திருக்காது.

கைதிகள் போன அன்று

நூல் அமெரிக்கர்களோடு எல்லையைத் தாண்டிவிடுகிறது. கஸ்ர் அங்கேயே நின்றது.

பிப்ரவரி 11 அன்று சிறைகளின் காவல் கலைந்தபோது ஹொவெய்தாவின் காவலர்களும் ஓடிவிட்டார்கள். அவரும் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தானாகப் புதிய ஆட்சியிடம் சரணடைந்தார். ஏப்ரல் 7 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இடம், அதே கஸ்ர் சிறை. மக்கள் உடைத்துக் காலியாக்கிய கட்டடத்தை இரண்டு மாதம் முடிவதற்குள் புதிய ஆட்சி தன் கைதிகளால் நிரப்பத் தொடங்கியிருந்தது. சைமன்ஸ் அந்த மே மாதம் அமெரிக்காவில் இறந்தார். கஸ்ர் அதற்குப் பிறகும் பல வருடம் சிறையாகவே இருந்து, கடைசியில் அருங்காட்சியகமாகி 2012-ல் மக்களுக்குத் திறந்தது.

இந்த முறை படித்து முடித்ததும் நான் முன்னுரைக்குத் திரும்பினேன். சிலருடைய பாதுகாப்புக்காகப் பெயரை மாற்றியிருக்கிறேன் என்று ஃபோலட் அங்கே ஒரு வரிசை தருகிறார். மஜீத், ஃபாரா, அபுல்ஹசன், ரஷீத், மெஹ்தி, குலாம், செய்யித் என்று போகிறது அது. நடுவில் மிஸ்டர் ஃபிஷ், சார்லி பிரவுன் மாதிரி புனைபெயர்கள். பார்த்தால் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். மொழிபெயர்த்தவர்கள், வண்டி பிடித்துக் கொடுத்தவர்கள், வழி காட்டியவர்கள். மீதி எல்லோருடைய பெயரும் உண்மையான பெயர் என்று அடுத்த வரி சொல்கிறது.